நீச்சல்குளத்து எருமை

மார்ச் 3, திங்கள்

புது வேலையில் சேர்ந்தாயிற்று. போன வாரம்வரை பேருந்து ஓட்டுநர். இன்றுமுதல் நகராட்சி நீச்சல்குளத்தில் பராமரிப்புப் பணியாளர். அயல்பணி உத்தரவில் ‘லேசான பணி’ என்று போட்டிருக்கிறார்கள். பணி லேசுதான். மனசுதான் கனக்கிறது.

வருடாந்தரக் கண் பரிசோதனையில் இந்த முறை தேறவில்லை. கண்ணுக்குள் நீர் அழுத்தமாம். நேரே இருப்பது நன்றாகத் தெரியும். ஓரத்தில் இருப்பதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகும் என்றார் மருத்துவர். சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், போனது போனதுதான், பெரிய வண்டி இனிமேல் கூடாது. இவ்வளவையும் அவர் டீ குடித்துக்கொண்டே சொல்லி முடித்துவிட்டார்.

குளத்து மேலாளர் எல்லா இடத்தையும் சுற்றிக் காட்டினார். பம்பு அறை, குளோரின் மருந்துக் கிடங்கு, உடை மாற்றும் அறைகள். கடைசியில் ஒரு மூலையில் தார்ப்பாயை விலக்கி, “உங்களுக்கு முக்கியமான வேலை இதுதான்” என்றார். சிறிய பெட்டி அளவுக்கு ஒரு இயந்திரம். இரண்டு பக்கமும் ரப்பர் பட்டை, முன்னும் பின்னும் உருளை பிரஷ், வயிற்றில் வடிகட்டிப் பை, முதுகிலிருந்து நீளமாக ஒரு நீலக் கேபிள். தண்ணீருக்குள் இறக்கிவிட்டால் குளத்தின் தரை முழுக்க ஊர்ந்து, சுவரிலும் ஏறி, அழுக்கை உறிஞ்சிக்கொண்டு வருமாம்.

“யார் சார் ஓட்டறது?” என்று கேட்டேன்.

“யாரும் ஓட்ட வேணாம். அதுவே ஓடும்.”

ஆக, காலமெல்லாம் வண்டி ஓட்டினவனுக்கு ஓட்டுநரே வேண்டாத வண்டி. சிரிப்பதா அழுவதா?

மத்தியானமே பேருந்துப் பணிமனை நேரக் காப்பாளர் வேலைக்கு மாற்றல் கேட்டு மனு எழுதிப் போட்டுவிட்டேன். வண்டி ஓட்டாவிட்டாலும் வண்டிகள் நடுவிலாவது இருக்கலாம்.

மார்ச் 4, செவ்வாய்

இங்கே எல்லாரும் என்னை “டிரைவர்” என்றுதான் கூப்பிடுகிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ. ஒவ்வொரு முறையும் சுருக்கென்கிறது.

மார்ச் 7, வெள்ளி

குளம் காலையிலும் மாலையிலும் மக்களுக்கு. நடுவில் பூட்டியிருக்கும் நேரம் எனக்கும் இயந்திரத்துக்கும். தண்ணீரில் ஆள் இருக்கும்போது அதை இறக்கவே கூடாது. அது முதல் விதி.

முதல் முறையாக இறக்கினேன். மூழ்கவில்லை. தக்கை மாதிரி மிதந்தது. நீளக் கம்பை எடுத்து அழுத்தினேன், உள்ளே போனது. விட்டேன், மேலே வந்தது. கம்பெனி உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

“தண்ணிக்குள்ளயே வெச்சுக் கவுத்துப் பிடிங்க சார். உள்ள காத்து அடைச்சிருக்கும்.”

குளத்தோரம் குப்புறப் படுத்து, கையை விட்டு, கவிழ்த்துப் பிடித்தேன். கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்தது. அப்புறம் கல் மாதிரி இறங்கிப்போய்த் தரையில் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டால் அசைவேனா என்றது. பின்னால் சிரிப்புச் சத்தம்.

காலையில் பெண்கள் வகுப்பு எடுக்கிற கோச்சம்மா. கழுத்தில் விசில், தோளில் துண்டு. வகுப்பு முடிந்தும் கணக்கு எழுதிக்கொண்டு இருந்தவர் வந்து எட்டிப் பார்க்கிறார்.

“எருமையேதான் அண்ணே. தண்ணியில இறங்குற வரைக்கும் அடம், இறங்கினப்புறம் எந்திரிக்க மனசில்ல.”

சொல்லி வாய் மூடவில்லை, அது உறுமிக்கொண்டு கிளம்பியது. குளம் முழுக்க ஒரு நடை போய்வந்தது. அது போன வழியெல்லாம் ஓடுகள் வெளுத்துத் தெரிந்தன. அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

மார்ச் 12, புதன்

எருமைக்கான பணிவிடைகள் கைக்குப் படிந்துவிட்டன. ஓடி முடித்ததும் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். கேபிளை மெதுவாக இழுத்து ஓரத்துக்குக் கொண்டுவரலாம். ஆனால் கேபிளைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கைப்பிடியில்தான் தூக்க வேண்டும். (முதல் நாள் கேபிளில் தூக்கினேன். கம்பெனிப் பெண் போனிலேயே பதறிப்போனாள்.) வயிற்றில் உள்ள தண்ணீர் வடியும்வரை விளிம்பில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு பையைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, இயந்திரத்தை அதன் தள்ளுவண்டியோடு நிழலில் தள்ளி நிறுத்த வேண்டும். வெயில் ஆகாது. இரவெல்லாம் குளத்துக்குள்ளேயே கிடக்கவும் ஆகாது. மருந்து ரப்பரைத் தின்றுவிடும்.

பையைத் திறப்பது எனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. இலை, முடி, கொண்டை ஊசி, ஒட்டுப் பிளாஸ்திரி. இன்று ஒரு பொய்ப்பல் கிடைத்தது. அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டோம். யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. எப்படித் திறப்பார்கள்?

மார்ச் 19, புதன்

மோசமான நாள். எருமை செக்குமாடு ஆகிவிட்டது. ஆழப்பக்கத்தில் ஒரே இடத்தில் சுற்றுகிறது, சுற்றுகிறது, விடாமல் சுற்றுகிறது. ஒரு பக்கப் பட்டை நழுவுகிறது என்று நினைத்தேன். வெளியே எடுத்தேன். பட்டையைக் கழற்றி மாட்டினேன். சக்கரங்களைக் கையால் உருட்டிப் பார்த்தேன். விசிறியில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி இறக்கினேன். மறுபடி அதே வட்டம். என்னடா உனக்குக் கேடு, என்னை வெச்சு வேடிக்கை காட்டுறியா என்று வாய்விட்டுக் கத்தினேன். ஒரு இயந்திரத்திடம் கத்துகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

அப்போது என் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கண் மருந்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் கத்தினது கேட்டிருக்கும். காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தாள்.

“என்னங்க, அந்த வயரு முறுக்கிக்கிட்டு இருக்கே. அதுதான் புடிச்சு இழுக்குது போல.”

பார்த்தேன். மேலே மிதந்த கேபிள் சுருள் சுருளாக, ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி கிடந்தது. பெட்டியைக் குடைந்த எனக்கு வாலைப் பார்க்கத் தோன்றவில்லை.

இருவருமாகக் கேபிளை இழுத்து நடைபாதையில் நீட்டிப் போட்டோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. முறுக்கைப் பிரித்து வெயிலில் கொஞ்சம் காயவிட்டோம். வெயில் பெட்டிக்குத்தான் ஆகாது. கேபிளை அது இளக்கிக் கொடுக்கிறது. பிறகு எருமை நேராக நடந்தது.

கிளம்பும்போது கேட்டாள்: “இதுல பொம்பளைங்களும் வருவாங்களா?”

“காலையில வகுப்பு இருக்கு.”

“ஓ” என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 28, வெள்ளி

விசிறியில் முடி சிக்கி மோட்டார் முனகியது. இடுக்கியால் பிடுங்கினேன். ஒரு சடையே பின்னலாம் போலிருந்தது. நுழைவாயிலில் ‘தொப்பி அணிந்து நீந்தவும்’ என்று புதிதாக எழுதி மாட்டினேன். என் கையெழுத்து இவ்வளவு கேவலமா?

ஏப்ரல் 2, புதன்

மகள் வெளியூரிலிருந்து போன் செய்தாள். “எப்படிப்பா இருக்கு புது வேலை?” என்றாள்.

“எருமை மேய்க்கிறேன்” என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. “அம்மாகிட்ட குடுங்கப்பா” என்றாள். அப்பாவிடம் பேச இவ்வளவுதான் இருந்ததா என்று கோபம் வந்தது. நான் அவளைப் பேச விட்டேனா என்று பிறகு தோன்றியது.

என் மனைவி கொஞ்ச நாளாகக் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறாள். நான் எழுந்திருப்பதற்குள் கிளம்பிவிடுகிறாள். நல்லதுதான், மூட்டு வலி குறையும்.

ஏப்ரல் 9, புதன்

இன்று பிடிபட்டுவிட்டது.

இவள் தோளில் போட்டிருந்த துண்டை வாங்கிக் கொடியில் போட்டேன். ஒரு வாசனை வந்தது. என் சட்டையில், என் கையில், சோப்புப் போட்டாலும் போகாத அதே மருந்து வாசனை. நடந்துவிட்டு வருகிறவள் துண்டில் குளத்து வாசனை எப்படி?

“எங்க போய்ட்டு வர்ற?”

முடியை அள்ளி முடிந்துகொண்டே நின்றாள். “நீச்சல் கத்துக்கறேன்” என்றாள்.

“எத்தனை நாளா?”

“அந்த வயரப் பிரிச்சுப் போட்டோமே, அதுக்கு மறுநாள்லேர்ந்து.”

கோபம் தலைக்கு ஏறியது. ஊருக்கெல்லாம் தெரியும், கோச்சம்மாவுக்குத் தெரியும், வாயில் காவலாளிக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்? ஏன் மறைக்கணும்? கேட்டேவிட்டேன்.

அவள் கொடியில் கிடந்த துண்டை இழுத்துச் சரிசெய்துவிட்டுச் சொன்னாள்: “நீங்க தெனமும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு அங்க போறீங்க. ஏதோ தண்டனை மாதிரி. அதே எடத்துக்கு நான் ஆசையா போறேன்னு உங்ககிட்ட எப்படிங்க சொல்றது?”

  அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

சாப்பிடும்போது கேட்டேன், “மிதக்க வருதா?”

“பலகையப் புடிச்சுக்கிட்டா வருது. விட்டா உங்க எருமை மாதிரி நேரா கீழதான்.”

“காத்த வெளிய விட்டா மூழ்கும். உள்ள வெச்சிருந்தா மிதக்கும்.”

“கோச்சம்மாவும் அதத்தான் சொன்னாங்க” என்றாள் ஆச்சரியமாக.

ஏப்ரல் 17, வியாழன்

பள்ளி விடுமுறை. கூட்டம் தாங்கவில்லை. குளம் குழம்பு போலக் கலங்க ஆரம்பித்திருக்கிறது. சுவர்களில் கை வைத்தால் வழவழவென்று பாசி. எருமை சுவரில் ஏற முயன்று சறுக்கிச் சறுக்கி விழுகிறது. கவிழ்த்துப் பார்த்தேன். பிரஷ்ஷின் பற்கள் தேய்ந்து மொழுக்கென்று இருக்கின்றன, வழுக்கை டயர் மாதிரி. வழுக்கை டயரோடு மலையேறு என்றால் எப்படி ஏறும்?

புது பிரஷ் வேண்டும் என்று மேலாளரிடம் சொன்னேன். “எழுதிக் குடுங்க, பார்க்கலாம்” என்றார். அந்தப் ‘பார்க்கலாம்’ எனக்குப் பணிமனையிலேயே பழக்கம்.

ஏப்ரல் 24, வியாழன்

பிரஷ் வரவில்லை. ஞாயிறன்று பள்ளிப் பிள்ளைகளுக்கான நீச்சல் போட்டி. பந்தல் போட ஆள் வந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மத்தியானம் ஆழப்பக்க விளிம்பில் நின்றேன். அங்கே அடியில் தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு கறுப்பு சல்லடை மூடி உண்டு. அது மேலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும். தெரிந்தால்தான் ஒரு ஆள் அடியில் கிடந்தால் கண்ணுக்குப் படும். வேலையில் சேர்ந்த அன்றே மேலாளர் சொல்லிக்கொடுத்தது இது.

தெரியவில்லை. பால் மாதிரி இருந்தது.

முதலில் வந்தது தண்ணீரைப் பற்றிய பயம் இல்லை. என் கண்ணா? ஓரம்தான் போகும் என்றார்களே, இப்போது நேராகவும் போகிறதா?  அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். மற்றதை மூடிப் பார்த்தேன். இவள் முகம் நினைவுக்கு வந்தது, மகள் முகம் வந்தது. 

அப்புறம் கோச்சம்மாவைக் கூப்பிட்டேன். ஒன்றும் சொல்லாமல், “அடியில அந்த மூடி தெரியுதா பாருங்க” என்றேன்.

குனிந்து பார்த்தார். நகர்ந்து நின்று பார்த்தார். “இல்லண்ணே. தெரியல.”

அப்பாடா என்று இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. குளம் கெட்டுப்போனதற்கு ஒருவன் சந்தோஷப்படுவானா? நான் பட்டேன்.

மேலாளர் அறைக்குப் போனேன். “சார், இன்னைக்குச் சாயங்காலம் தொறக்க வேணாம். போட்டியும் இப்படியே நடத்தக் கூடாது.”

“டிரைவர், அழைப்பிதழ் போயாச்சு. பிள்ளைங்க எல்லாம் நல்லா நீந்தத் தெரிஞ்சவங்க. கொஞ்சம் கலங்கல்தானே?”

“அடி தெரியல சார்.”

“உங்க கண்ணுக்குத் தெரியலைன்னா அதுக்குக் கொளம் என்ன பண்ணும்?”

 அவருக்கே அது வாயிலிருந்து விழுந்த பிறகுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.  வாசலில் நின்ற கோச்சம்மாதான் சொன்னார்: “எனக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு சார். எனக்கும் தெரியல. நான் என் பிள்ளைங்கள இறக்க மாட்டேன்.”

நானும் சேர்ந்துகொண்டேன். “பிரேக் பிடிக்காத வண்டிய நான் ஒரு நாளும் வெளிய எடுத்ததில்ல சார். இதையும் எடுக்க மாட்டேன்.”

“அப்ப உங்களப் பணிமனைக்கே திருப்பி அனுப்ப வேண்டியதுதான்!”

வெளியே வந்து ‘இன்று குளம் மூடப்பட்டுள்ளது’ பலகையை மாட்டினேன்.  வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. பணிமனைக்கு அனுப்புங்கள் என்று மனுப் போட்டது நான்தானே? அதையே அவர் சொன்னதும் ஏன் மிரட்டலாகப் பட்டது?

ஏப்ரல் 26, சனி

காலையில் நான் போவதற்குள் குளத்தைச் சுற்றிப் பெண்கள். பெண்கள் வகுப்பு மொத்தமும். நீச்சல் உடையில் இல்லை; புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிலர் பழைய நைட்டியில், எல்லார் கையிலும் நீளக் கம்பு பிரஷ், தென்னந்துடைப்பம், மாப்புக் கட்டை. நடுவில் என் மனைவி.

“எருமையால ஏற முடியலைன்னீங்கல்ல. பாசிய நாங்க தேய்ச்சு விடறோம். கீழ விழுறத அது தின்னட்டும்.”

யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. விளிம்பில் வரிசையாக நின்று சுவரைத் தேய்த்தார்கள். தையல்காரம்மா ஒருத்தி மாமியாரை நினைத்துக்கொண்டு தேய்ப்பதாகச் சொன்னாள். அவள் பங்குச் சுவர்தான் எல்லாவற்றிலும் முதலில் வெளுத்தது. மற்றவர்களும் ஆளுக்கொருவரை நினைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார்கள். “நீ யாரை நெனச்ச?” என்று இவளிடம் கேட்டேன். “அதெல்லாம் சொல்ல முடியாது” என்றாள்.

பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. கலங்கலைத் திரட்டுகிற மருந்தை அளந்து ஊற்றினேன். சுவரிலிருந்து உதிர்ந்த பாசி தரையில் படிந்தது. எருமையை இறக்கினேன். தரையை மட்டும் மேய்ந்தது. கொஞ்ச நேரத்திலேயே பை நிறைந்து திணறியது. எடுத்தேன், அலசினேன், இறக்கினேன். எடுத்தேன், அலசினேன், இறக்கினேன். எத்தனை முறை என்று கேட்காதே, நாட்குறிப்பே.

மத்தியானம் ஸ்கூட்டர் சத்தம். மேலாளர். தலையெல்லாம் புழுதி. கையில் காகிதம் சுற்றிய ஒரு நீளப் பொட்டலம். என்னிடம் நீட்டினார். புது பிரஷ். கம்பெனிக் கிடங்குக்கே போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அது இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும், அந்தத் தடத்தில் ஓட்டியிருக்கிறேன்.

“நேத்து சொன்னது...” என்று ஆரம்பித்தார்.

“திருப்புளி இருக்கா சார்?” என்றேன்.

அவரே எடுத்து வந்து, குந்தி உட்கார்ந்து, நான் கழற்ற அவர் பிடித்துக்கொண்டார். புது பிரஷ்ஷோடு எருமை சுவரை முட்டியது, மூக்கைத் தூக்கியது, ஒரு நொடி யோசித்தது, பிறகு விறுவிறுவென்று ஏறித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே முகத்தைக் காட்டியது. பெண்கள் கை தட்டினார்கள். மேலாளரும் தட்டினார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் மருந்துத் தூள் விழுந்திருக்கும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் விளிம்பில் நால்வர் நின்றோம். நான், இவள், கோச்சம்மா, மேலாளர். சல்லடை மூடியின் ஒவ்வொரு ஓட்டையும் தெரிந்தது. “எண்ணட்டுமா?” என்றார் மேலாளர். யாரும் எண்ணவில்லை.

போட்டி கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது. மூன்றாவது பந்தயமோ நாலாவதோ. விசில், கூச்சல், கை தட்டல். பந்தயம் முடிந்து எல்லாப் பிள்ளைகளும் விளிம்புக்கு வந்துவிட்டார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கோச்சம்மா மட்டும் திடீரென்று குதித்தார். ஏன் என்று யாருக்கும் புரிவதற்குள் ஒரு சிறுமியை அணைத்துக்கொண்டு மேலே வந்தார். அவளுடைய நீச்சல் கண்ணாடி கழன்று அடியில் விழுந்திருக்கிறது. எடுக்கப் போனவளுக்குக் கால் நரம்பு இழுத்துக்கொண்டது. இருமினாள், அழுதாள், தண்ணீர் கேட்டாள். அம்மாவின் மடியில் உட்கார்ந்து மற்ற பந்தயங்களைப் பார்த்தாள்.

“எப்படிக் கோச்சம்மா பார்த்தீங்க?” என்று கேட்டார்கள்.

“அடியில சிவப்புத் தொப்பி தெரிஞ்சுது” என்றார்.

தெரிந்தது. வெள்ளிக்கிழமைத் தண்ணீரில்... வேண்டாம், எழுத மாட்டேன்.

மேலாளர் என் பக்கத்தில் வந்து நின்றார்.  டீ வந்தபோது முதல் கோப்பையை என்னிடம் கொடுத்தார்.

ஏப்ரல் 28, திங்கள்

குளத்துக்கு வார விடுமுறை. எருமையைப் பிரித்து முழுசாகச் சுத்தம் செய்தேன். உழைத்த ஜீவன்.

மே 6, செவ்வாய்

பணிமனையிலிருந்து ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நேரக் காப்பாளர் இடம் காலியாகிறதாம், என் மனு முதலில் இருக்கிறதாம், வருகிறாயா என்று கேட்கிறார்கள்.

இவளிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “உங்க இஷ்டம்” என்றாள். கத்தி மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடியது.

மே 8, வியாழன்

மேலாளரிடம் இரண்டு கோரிக்கைகள் வைத்தேன். மாற்று பிரஷ் ஒன்று எப்போதும் கிடங்கில் இருக்க வேண்டும். கேபிளை முறுக்காமல் சுற்றி வைக்க ஒரு உருளைச் சட்டம் வேண்டும். “அப்போ பணிமனை?” என்றார். “வேற யாராவது போகட்டும் சார், அங்க உக்காந்துக்கிட்டே இருக்கணும்” என்றேன்.

மே 14, புதன்

கண் பரிசோதனை. அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. பார்வை இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஒரு இம்மியும் நகரவில்லை. மருத்துவர் இந்த முறை டீயைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

என் மனைவி நடுவில் புகுந்தாள்: “டாக்டர், இவரு நீச்சல் கத்துக்கலாமா?”

நான் அவளைப் பார்த்தேன். இப்படி ஒரு பேச்சே எங்களுக்குள் வந்ததில்லை.

“தாராளமா. ஆனா கண்ண இறுக்கிப் புடிக்கிற சின்னக் கண்ணாடி வேணாம், அழுத்தம் ஏறும். மூஞ்சிய மூடுற மாதிரி பெருசா, தளர்வா இருக்கறதப் போட்டுக்கங்க. குதிக்கறது, ரொம்ப ஆழத்துக்குப் போறது எல்லாம் வேணாம்.”

வெளியே வந்ததும், “யாரு நீச்சல் கத்துக்கணும்னா?” என்றேன்.

“தெனமும் குப்புறப் படுத்துக் கொளத்துக்குள்ள கைய விட்டுக்கிட்டு இருக்கீங்க. விழுந்து வெச்சா? உங்களுக்கு நீந்தத் தெரியாதுன்னு அங்க யாருக்காவது தெரியுமா?”

தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மே 22, வியாழன்

கோச்சம்மா ரகசியமாகக் காலையிலேயே வரச் சொன்னார். தூண் மறைவில் நின்று பார்த்தேன். இவள் பலகை இல்லாமல், அகலவாட்டில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போனாள். நேராகப் போகவில்லை, கேபிள் முறுக்கின எருமை மாதிரி கொஞ்சம் வளைந்து போனாள். ஆனாலும் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பக்கத்துச் சுவரைத் தொட்டதும் திரும்பி, யாராவது பார்த்தார்களா என்று தேடினாள்.

நான் தூணை விட்டு வெளியே வந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

மகள் போன் செய்தாள். பேசினேன், பேசினேன், பிரஷ், பாசி, அம்மாவின் நீச்சல், பொய்ப்பல். “அப்பா, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சுப்பா” என்று அவளே சிரித்துக்கொண்டு வைத்தாள்.

ஜூன் 16, திங்கள்

விடுமுறை நாள். எருமை மேய்ந்து முடித்தது. மின்சாரத்தை நிறுத்தி, மேலே ஏற்றி, பையை அலசி, நிழலில் தள்ளி நிறுத்தினேன். மேலாளரிடமும் கோச்சம்மாவிடமும் அனுமதி வாங்கியிருந்தேன். கோச்சம்மா விளிம்பில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பதுபோல் எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

நெஞ்சளவுத் தண்ணீர். அரைக்கால் சட்டையில் நிற்க வெட்கமாக இருந்தது. பெரிய முகக் கண்ணாடி, பார்க்கச் சகிக்காது. இவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“மூச்ச இழுத்துக்கங்க. மூஞ்சிய உள்ள வையுங்க. பயந்தீங்கன்னா என் கைய அழுத்துங்க, தூக்கிவிட்டுர்றேன்.”

முதல் முறை உடனே எழுந்துவிட்டேன். இரண்டாவது முறையும். அடுத்த முறை உள்ளேயே இருந்தேன்.

சத்தமெல்லாம் நின்றுபோனது. மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த தரையை முதல் முறையாக அதன் வீட்டுக்குள்ளேயே போய்ப் பார்த்தேன். வெயில் கோடுகோடாக நெளிந்துகொண்டிருந்தது. ஓடுகள் ஒவ்வொன்றும் கழுவி அடுக்கின தட்டு மாதிரி இருந்தன. இவள் பாதங்கள் தெரிந்தன, மெட்டி தெரிந்தது. ஓரத்தில் தெரியாததைப் பார்க்கத் தலையைத் திருப்பினேன். தண்ணீருக்குள் அதற்கு அவசரமே இல்லை. கடைசி மூலைவரை தெளிவு. யாரோ நன்றாகப் பராமரிக்கிறார்கள் என்று தோன்றியது. அப்புறம்தான் அந்த யாரோ நான் என்று நினைவுக்கு வந்தது.

மூச்சு முட்டி எழுந்தேன். இவள் என் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டாள்.

“என்ன தெரிஞ்சுது?”

“அந்தக் கோடி மூலையில கொஞ்சம் பாசி இருக்கு. எருமை சரியா மேயல.”

ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் தண்ணீரை வாரி என் முகத்தில் அடித்தாள். கோச்சம்மா செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்குவது தெரிந்தது.

கண்ணாடியை இறக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனேன்.